தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரின் டோபி காட்டில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது தேக்கா. ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் உழைத்தவர்கள் ஏழாம் நாள் ஊருக்குப் பணம் அனுப்ப, மளிகை வாங்க, சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேச அங்குதான் கூடுகிறார்கள்.

2013 டிசம்பர் 8 அப்படியொரு ஞாயிறு. இரவு ஒன்பதரை மணியளவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவர் மது அருந்தியிருந்தார்; இடமில்லை என்று இறக்கிவிடப்பட்ட பின் பேருந்தைத் தொடர்ந்து நடந்தபோது தடுமாறி விழுந்தார். மீட்புப் பணியாளர்கள் ஓட்டுநரைக் காப்பாற்றுகிறார்கள், கீழே கிடப்பவரைக் கவனிக்கவில்லை என்ற எண்ணம் கூட்டத்தில் பரவியது. கற்களும் புட்டிகளும் பறந்தன. ஐந்து வாகனங்கள் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம் அது.

சட்டம் விரைந்து செயல்பட்டது. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதே இரவில், எறிந்தவர்களைத் தடுக்க முயன்ற தொழிலாளி ஒருவரையும் காணொளிகள் காட்டின. ஒரே தெரு, ஒரே விடுதி வாழ்க்கை. ஆனாலும் அவர் வேறு முடிவெடுத்தார். சூழ்நிலையைச் சொல்லி எல்லாரையும் விடுவித்துவிட்டால், அவர் காட்டிய துணிவுக்கு மதிப்பில்லாமல் போகும்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. தொழிலாளர்களின் வேலை, வாழ்க்கை நிலைமைகள் கலவரத்துக்குக் காரணமல்ல என்றும், விபத்தும் அதைப் பற்றிய தவறான புரிதலும் மதுவுமே காரணங்கள் என்றும் அது கூறியது. தொழிலாளர் நல அமைப்புகள் சில இதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குழுவே, தேக்காவுக்கு வெளியிலும் தொழிலாளர்களுக்கு வசதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்ததை மறந்துவிடக் கூடாது.

மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுக்கத் தடை. தடை போட ஒரு சட்டம் போதும். பெஞ்சுரு, காக்கி புக்கிட், சூன் லீ போன்ற இடங்களில் உள்ள பொழுதுபோக்கு மையங்களை நடத்தப் பணம், நிலம், தமிழும் வங்காளமும் பேசும் ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். அங்கே கிரிக்கெட் ஆட்டமும் மளிகைக் கடையும் பணம் அனுப்பும் கவுண்டரும் இருப்பதை வன்முறைத் தடுப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் குறையைச் சொல்ல ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும் இருந்தால், கூட்டத்தில் வதந்தி பற்றிக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

தொழிலாளர் வாழ்வுக்கான முதலீடு எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதை 2020இன் கொரோனா காட்டியது. விடுதிகளில் வசித்த சுமார் 3,23,000 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அதன் பிறகும் ஞாயிறன்று தேக்காவுக்குப் போக அனுமதிச் சீட்டு கேட்கும் முறை நெடுநாள் நீடித்தது. நகரத்தைக் கட்டுகிறவர்கள் அந்த நகரத்துக்குள் நடக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது வருத்தமானது.

மனிதவள அமைச்சு விடுதிகளுக்குப் புதிய தரம் வகுத்திருக்கிறது. ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர். பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்தையும், 2040க்குள் முழுத் தரத்தையும் எட்ட வேண்டும். இருபத்தைந்து வயதில் இன்று வேலைக்கு வரும் இளைஞர் அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். இந்தக் கெடுவை முன்னால் கொண்டுவர முடியும், கொண்டுவர வேண்டும்.