டான் வீட்டில் தேர்தல் இரவு

1969 அக்டோபர் 25. மெல்பர்ன் புறநகரில் டான் என்ற பள்ளி ஆசிரியரின் வீட்டில் தேர்தல் முடிவு கேட்க நண்பர்கள் கூடுகிறார்கள். இருபது ஆண்டாக எதிர்வரிசையில் இருக்கும் லேபர் கட்சி இம்முறை வென்றுவிடும் என்ற நம்பிக்கை. வெற்றி நழுவ நழுவக் குடி ஏறுகிறது. பேச்சு அரசியலை விட்டு அடுத்தவர் மனைவி பக்கம் போகிறது.

டேவிட் வில்லியம்சன் எழுதிய இந்த நாடகம் 1971இல் கார்ல்டன் பகுதியின் பிராம் ஃபேக்டரி அரங்கில் முதலில் மேடையேறியது. பெயருக்கேற்ப, முன்பு குழந்தைகளின் தள்ளுவண்டி செய்த இடம்தான் அது. 1976இல் புரூஸ் பெரஸ்ஃபோர்டு படமாக்கினார். ‘Don's Party’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் ‘டான்ஸ் பார்ட்டி’ என்று எழுதினால் நடன விருந்து என்று படிக்கத் தோன்றும். ஆகவே ‘டானின் பார்ட்டி’ என்கிறேன்.

சின்னச் செலவில் எடுத்த படம். ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே வீட்டுக்குள். அந்த நெருக்கம்தான் சிரிப்பைப் பிழிந்து தருகிறது: அவமானப்பட்டவருக்கும் அவமானப்படுத்தியவருக்கும் ஒரே கூடம், ஒரே பீர்ப்பெட்டி. முகம் மாறாமல் நண்பனை மட்டம் தட்டுவதுதான் இங்கே பாசம். கோபித்துக்கொண்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். கொச்சையாகப் பேசிக் குடித்துக் கும்மாளமிடும் இந்த ஆண்களை ‘ஆக்கர்’ என்பார்கள். தங்கள் வீட்டுப் பேச்சு, அதே உச்சரிப்போடு மேடையில் ஒலித்ததைக் கேட்டு அன்றைய மெல்பர்ன் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

நாடகம் வந்தபோது லேபரின் வெற்றி இன்னும் கனவு. படம் வருவதற்குள் அக்கட்சியின் தலைவர் விட்லம் 1972இல் ஆட்சிக்கு வந்து, 1975 நவம்பரில் கவர்னர் ஜெனரலால் நீக்கப்பட்டும் விட்டார். திரையில் டான் நம்பிக்கையோடு பாட்டில் திறக்கும்போது, அரங்கில் இருந்தவர்கள் அதன் முடிவை இருமுறை அறிந்தவர்கள். 1969இல் வென்ற பிரதமர் ஜான் கோர்ட்டனே படத்தில் ஒரு கணம் தலைகாட்டுகிறார்.

இன்று பார்க்கும்போது என் கண் அந்த ஆண்களிடம் நிற்கவில்லை. பிரிந்துபோன மனைவியின் நிர்வாணப் படத்தை ஒருவர் நண்பர்களுக்குக் காட்டும் காட்சியில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. விருந்துக்கு வந்த இன்னொருவரின் மனைவி ஜென்னியாக வரும் பாட் பிஷப்பின் முகத்தில் கசப்பு படிந்திருக்கிறது. சிறந்த நடிகைக்கான ஆஸ்திரேலியத் திரைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அப்போதே யாரோ அந்த முகத்தைக் கவனித்திருக்கிறார்கள். அந்த மனைவிமார் இல்லையென்றால் இது வெறும் கும்மாளப் படம்.

2011இல் வில்லியம்சன் அதே நண்பர்களை முதியவர்களாக்கி, 2010 தேர்தல் இரவில் மறுபடி டான் வீட்டில் கூட்டினார். ஆனால் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது இன்னொரு மேடைக்கதை. புரூம் நகரத்து ஜிம்மி சி எழுதி 1990இல் அரங்கேறிய இசைநாடகம் ‘பிரான் நியூ டே’; 2009இல் ரேச்சல் பெர்கின்ஸ் படமாக்கினார். படத்தின் காலம் அதே 1969. டானின் விருந்துக்குப் பழங்குடியினர் ஒருவரும் வரவில்லை. இங்கேயோ அவர்கள்தான் கதை, அவர்களுடையதுதான் கேலி. கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து ஓடிவந்த வில்லி, பெர்த்திலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, புரூமுக்குப் போக வேண்டும். கையில் காசில்லை. எர்னி டிங்கோ நடித்த டாட்போல் மாமா சாலையில் வரும் கோம்பி வேனின் முன்னால் விழுந்து, அடிபட்டதாக முனகுகிறார். வேனில் வந்த ஹிப்பிகள் பதறிப்போய் இருவரையும் ஏற்றிக்கொள்கிறார்கள்.