20,000 டாலரில் ஒரு பழைய கார்வெட்: எந்த ஆண்டு, என்ன நிலை?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செவர்லே கார்வெட். 1953இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகளோடு இந்த வரிசை தொடங்கியது. இதில் புகழ்பெற்ற ஆண்டுகளின் வண்டிகள் இன்று மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதவை. பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த 1963 கூப்பே நல்ல நிலையில் இருந்தால், விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆனால் அதே பெயரும் ஃபைபர் கிளாஸ் உடலும் வி8 என்ஜினும் கொண்ட வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் 20,000 டாலருக்குள்ளும் நிறையவே இருக்கின்றன. எந்த ஆண்டைத் தேடுவது, எதைச் சோதிப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

விலை ஏன் இறங்கியது?

சி3 என்று அழைக்கப்படும் மூன்றாம் தலைமுறை 1968 முதல் 1982 வரை வந்தது. சேகரிப்பாளர்கள் விரட்டுவது முன்னும் பின்னும் குரோம் பம்பர் கொண்ட 1972 வரையிலான வண்டிகளை. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு போன்ற பாகங்கள் சேதமாகக் கூடாது என்ற அரசு விதியால், 1973இல் முன் பம்பரும் 1974இல் பின் பம்பரும் உடல் நிறத்திலேயே நெகிழும் உறைக்குள் மறைந்தன.

என்ஜினின் பலமும் குறைந்ததாகப் பெயர் வந்தது. அடிப்படை என்ஜினின் குதிரைத்திறன் 1970இல் 300; 1972இல் 200; 1975இல் 165. இந்தச் சரிவு முழுவதும் உண்மையானதல்ல. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971இல் என்ஜினின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், 1975இல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது என்பதெல்லாம் சரிதான். ஆனால் 1972இல் அளக்கும் முறையே மாறிவிட்டது. அதுவரை ஏர் ஃபில்டர், விசிறி, சைலன்சர் போன்றவை இல்லாத வெறும் என்ஜினை மேடையில் ஓட்டி அளந்தார்கள்; பிறகு வண்டியில் இருப்பதுபோல எல்லாவற்றையும் பூட்டி அளந்தார்கள். 1971இல் 270 என்று அச்சான அடிப்படை என்ஜின் மறு ஆண்டே 200 என்று அச்சானதற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்த எண்களால் வந்த கெட்ட பெயர்தான் குறைந்த பட்ஜெட்காரருக்குக் கிடைத்த சலுகை.

இன்னொரு சாதகம், வண்டிகளின் எண்ணிக்கை. 1979இல் மட்டும் 53,807 கார்வெட்கள் தயாராயின. வேறெந்த ஆண்டிலும் இவ்வளவு வந்ததில்லை. ஆகவே ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததைப் பார்க்கலாம்.

அடிக்கடி ஓட்ட நினைப்பவருக்கு 1984 முதல் 1996 வரை வந்த சி4 இன்னும் பொருத்தம். 1984 வண்டியின் சஸ்பென்ஷன் முரடு. என்ஜின் 205 குதிரைத்திறன். 1985இல் அது 230 ஆனது. 1986இல் ஏபிஎஸ் பிரேக் வந்தது. 1992இல் வந்த எல்டி1 என்ஜின் 300 தருகிறது. ஆனால் அதில் டிஸ்ட்ரிபியூட்டர் வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கிறது. பம்ப் கசிந்தால் அதுவும் கெடும். இரண்டும் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டே ஆக வேண்டும்.

உடல் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் இரும்பு?

ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. பளபளக்கும் உடலுக்குக் கீழே இரும்புச் சேஸிஸ் இருக்கிறது. முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் தாங்கும் இரும்புக் கூடு ஒன்றும் உள்ளே மறைந்திருக்கிறது. ‘பறவைக் கூண்டு’ என்பது மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அதை மெல்ல அரிக்கும். அது இற்றுவிட்டால், சரிசெய்யும் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

அதனால் சோதனை கீழிருந்து தொடங்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் வளைந்து மேலேறும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். காலருகே உள்ள பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துக் கூண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய வண்டியைவிட, அரிசோனா போன்ற வறண்ட இடத்தில் இருந்த வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அங்கே வெயிலில் வெளுத்த சீட்டை மாற்றிக்கொள்ளலாம்; இற்றுப்போன கூண்டை எளிதில் மாற்ற முடியாது.

சி3இல் முகப்பு விளக்குகள் வெற்றிட அழுத்தத்தால் எழும்புகின்றன. எழாவிட்டால் பெரும்பாலும் ரப்பர் குழாய்க் கசிவுதான். அதைக் காட்டிப் பேரம் பேசலாம். பின்சக்கர பேரிங் ஆடினால் அது வேறு கதை. அதைச் சரிசெய்யத் தனிக் கைத்தேர்ச்சி வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. பள்ளம் தேயாத டயரும் வயதானால் ஆபத்து.

நம்பரும் காகிதமும்

வண்டியோடு பிறந்த என்ஜின் என்றால் விலை ஏறும். சேஸிஸ் நம்பரின் கடைசி இலக்கங்கள் என்ஜின் முகப்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிடாமல் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். ஓட்டி மகிழ மட்டுமே வாங்குபவருக்கு, என்ஜின் மாற்றப்பட்ட நல்ல வண்டி லாபமே.

டைட்டில் எனும் உரிமைப் பத்திரத்தில் ‘சால்வேஜ்’ முத்திரை இருந்தால், பெருஞ்சேதம் கண்டு காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி என்று பொருள். மாநில விதியையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 வண்டிக்கு உண்டு. காப்பீடு எடுக்கும்போது, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேளுங்கள். சாதாரணப் பாலிசியில் பழைய வண்டி தேய்மானக் கணக்கில் போய்விடலாம்.

பணத்தைப் பிரிப்பது எப்படி?

கையில் 20,000 டாலர் இருந்தால் 15,000, 16,000 டாலருக்குள் வண்டியை முடியுங்கள். மீதி டயருக்கும் பிரேக்குக்கும் ரப்பர் குழாய்களுக்கும். யானை வாங்கியபின் அங்குசத்துக்குத் திண்டாடக் கூடாது. கார்வெட் தெரிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கொண்டு சோதிப்பது முதல் செலவாகட்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு வண்டியும் உங்களுக்கு மிச்சம்தான்.

பெயிண்ட் உரிந்த வண்டியை மலிவாக வாங்கிப் புதிதாக்கிவிடலாம் என்ற ஆசை பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஃபைபர் கிளாஸ் உடலுக்குத் தரமாகப் பெயிண்ட் அடிக்கும் செலவே 10,000 டாலரைத் தாண்டக்கூடும். அடுத்தவர் ஏற்கெனவே செலவழித்து, ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கும் வண்டியை வாங்குவதே சிக்கனம். 1969இன் இற்ற சேஸிஸைவிட 1979இன் உறுதியான சேஸிஸ் மேலானது. அதுதான் ஒவ்வொரு வார இறுதியிலும் சாலையில் ஓடும்.