ஏலத்துக்குப் போன சிலந்தி. ஏட்டில் உறங்கும் 53-ஏ பிரிவு

புதுதில்லி: நியூயார்க்கில் உள்ள சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் 2010-ஆம் ஆண்டு ஓர் இந்திய ஓவியம் 31,250 டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். சிலந்தி ஒன்றை மையமாகக் கொண்ட நிலக்காட்சி அது; வரையப்பட்ட ஆண்டு 1988. இந்தியப் பழங்குடி ஓவியர் ஒருவரின் படைப்பு சர்வதேச ஏலத்தில் இத்தகைய விலையை எட்டியது அதுவே முதல் முறை என்று கலை உலகம் கொண்டாடியது. அதை வரைந்த ஜங்கர் சிங் ஷ்யாம் அப்போது உயிருடன் இல்லை. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தத் தொகையில் ஓவியரின் குடும்பத்துக்குச் சட்டப்படி என்ன பங்கு? எதுவும் இல்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. சரி, அதே ஓவியம் தில்லியிலோ மும்பையிலோ கைமாறியிருந்தால்? பங்கு உண்டு என்று நாடாளுமன்றம் 1994-லேயே சட்டம் இயற்றிவிட்டது. ஆனால், அந்தப் பங்கு ஓவியரின் வீட்டு வாசலை எப்படிச் சென்றடையும் என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை.

பாட்டிலிருந்து வந்த படம்: மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில், நர்மதையின் மேல்பகுதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது பாடன்கர் கிராமம். மானுடவியல் அறிஞர் வெரியர் எல்வின் 1940-களில் தங்கியிருந்து ஆய்வு செய்த ஊர். இங்கு வாழும் பர்தான்கள் கோண்டுகளின் பாணர்கள். 'பானா' என்ற மூன்று நரம்புக் கருவியை மீட்டியபடி கோண்டுக் குடும்பங்களின் வாசலுக்குச் சென்று, அவர்களது குலவரலாற்றையும் தெய்வங்களின் கதைகளையும் பாடுவதே இவர்களின் மரபுத் தொழில். கோண்டுகளின் பெருந்தெய்வமான படாதேவ் 'சாஜா' எனப்படும் கருமருது மரத்தில் குடியிருப்பதாக நம்பிக்கை. பாணனின் இசைக்கு அந்தத் தெய்வம் இறங்கி வரும் என்பார்கள். பாடி முடித்தவருக்குத் தானியமும் துணியும் கால்நடையும் கொடுத்து அனுப்புவார்கள். சங்க இலக்கியப் பாணர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உறவு புதிதாகத் தோன்றாது.

புரவலர்கள் ஏழையானபோது பாணர்களின் நிலையும் தாழ்ந்தது. கூலி வேலையே மிஞ்சியது. வீட்டுச் சுவரில் மண்ணால் புடைப்புருவம் அமைப்பதும், தரையிலும் சுவரிலும் 'டிக்னா' என்ற கோலங்களை இடுவதும் மட்டும் தொடர்ந்தன.

இந்த நிலையில்தான் போபாலில் பாரத் பவன் உருவானது. 1982 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்ட அந்தக் கலை மையத்தின் ஓவியப் பிரிவான 'ரூபங்கர்' அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்றவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் 1928-இல் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியிலும் பத்திரிகையிலும் பணியாற்றிவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். நகரத்து நவீன ஓவியத்தையும் பழங்குடிகளின் ஓவியத்தையும் ஒரே கூரையின் கீழ், சம மரியாதையுடன் வைக்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். பழங்குடி ஓவியத்தைக் கைவினைப் பொருளாகவே அரசுத் துறைகள் எண்ணிவந்த காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல.

மாநிலத்தின் பழங்குடிப் பகுதிகளுக்கு அவர் இளம் கலைஞர்களின் குழுக்களை அனுப்பினார். பாடன்கருக்குச் சென்ற குழுவின் கண்ணில் பட்டது, ஒரு சுவரில் தீட்டப்பட்டிருந்த அனுமன் உருவம். வரைந்தவர் ஏறத்தாழ இருபது வயது இளைஞர் ஜங்கர். போபாலுக்கு அழைத்து வரப்பட்ட அவர் கையில் தாளும் வண்ணங்களும் பேனாவும் கொடுக்கப்பட்டன. அதுவரை பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். படாதேவ் மரமாக நின்றார். மானின் கொம்பு கிளையாகி விரிந்தது. உருவங்களின் உட்புறம் முழுவதும் நுண்புள்ளிகளும் கோடுகளும் நிறைந்தன. பாரத் பவன் கட்டுமானத்தில் நாளொன்றுக்கு ஆறு ரூபாய் கூலிக்கு மண் சுமந்த பில் பழங்குடிப் பெண் பூரி பாயையும் ஓவியராக அடையாளம் கண்டவர் சுவாமிநாதன்தான். அந்தப் பூரி பாய்க்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பாரீஸ் முதல் ஜப்பான் வரை: ஜங்கரின் ஏற்றம் வேகமானது. 1989-இல் பாரீஸின் பாம்பிடூ மையம் நடத்திய 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில், உலகின் முன்னணி நவீன ஓவியர்களோடு அவரது படைப்புகளும் இடம்பெற்றன. போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேச சட்டப்பேரவைக் கட்டடத்தின் சுவர்களில் அவர் ஓவியம் தீட்டினார். தில்லியில் பிரகதி மைதானத்தை அடுத்துள்ள தேசிய கைவினை அருங்காட்சியகம் 1998-இல் நடத்திய 'மற்ற மேதைகள்' கண்காட்சிக்குத் தேர்வான ஐவரில் ஒருவர் அவர். வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே இன்னொருவர்.

2001 ஜூலையில் ஜப்பானிலிருந்து துயரச் செய்தி வந்தது. நீகாட்டா மாகாணத்தின் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் வரைந்துவந்த ஜங்கர், அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. எந்த ஒப்பந்தத்தின் பேரில், என்ன ஊதியத்துக்கு, எத்தனை மாதம் என்ற கேள்விகளை இந்தியக் கலைஞர்கள் அப்போது எழுப்பினர். அவரது முதல் ஜப்பான் பயணத்தின் நினைவாக மகளுக்கு 'ஜபானி' என்று பெயரிடப்பட்டிருந்தது. மனைவி நன்குஷியா, மகன் மயங்க், மகள் ஜபானி மூவருமே இன்று அறியப்பட்ட ஓவியர்கள்.

ஜங்கர் தனியாக வளரவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. பாடன்கரிலிருந்து உறவினர்களைப் போபாலுக்கு வரவழைத்து, தன் வீட்டில் தங்கவைத்துத் தொழில் கற்பித்தார். இன்று 'கோண்டு ஓவியம்' என்று நாம் அழைப்பதைக் கலை விமர்சகர்கள் பலர் 'ஜங்கர் கலம்', அதாவது ஜங்கர் பாணி என்றே குறிப்பிடுகின்றனர். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் இருந்தவர். 2002-இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டச் சென்று, கண்டதையெல்லாம் தன் மரபின் கண்ணால் வரைந்தார். பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலாயிற்று. சுரங்க ரயில் மண்புழுவாயிற்று. சென்னையின் தாரா பதிப்பகம் அதை 2004-இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாக்கியது. அவரும் துர்கா பாய் வியாம், ராம்சிங் உர்வேதி ஆகியோரும் வரைந்த, சென்னையில் கையால் அச்சிடப்படும் மரங்கள் பற்றிய நூல் 2008-இல் போலோக்னா புத்தகக் காட்சியில் பரிசு பெற்றது. அம்பேத்கரின் வாழ்க்கையைக் கூறும் 'பீமாயனா' சித்திர நூல், துர்கா பாய், சுபாஷ் வியாம் தம்பதியின் கைவண்ணத்தில் 2011-இல் வெளிவந்தது. அட்டையில் ஓவியரின் பெயர் அச்சாவது இத்தகைய நூல்களின் சிறப்பு. மற்றபடி திரைச்சீலை, கைப்பை, தேநீர்க் கோப்பை, நாள்காட்டி எனக் கடைகளில் குவியும் 'கோண்டு டிசைன்' பொருள்களில் யார் பெயரைத் தேடுவது?

மூன்று சட்டங்கள், மூன்று ஓட்டைகள்: பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது தனிநபரான படைப்பாளியை அறியும்; சமூகத்தை அறியாது. ஜங்கர் வரைந்த ஒரு குறிப்பிட்ட ஓவியத்தை நகலெடுத்தால் அது குற்றம். அவரது பாணியை எடுத்துக்கொண்டு வேறொரு மானை வரைந்து ஆயிரம் மீட்டர் துணியில் அச்சிட்டால், அந்தச் சட்டத்தின்படி தவறு காண்பது கடினம். பாணிக்குப் பதிப்புரிமை இல்லை.

சமூகத்துக்கானது என்று சொல்லப்படும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வார்லி ஓவியத்துக்கு 2014-லும் கோண்டு ஓவியத்துக்கு 2023-லும் குறியீடு கிடைத்தன. நல்ல செய்திதான். ஆனால், இது காப்பது பெயரை, வடிவத்தை அல்ல. 'கோண்டு' என்ற சொல்லைப் போடாமல் அதே புள்ளிகளையும் அதே மரங்களையும் இயந்திரத்தில் அச்சிடும் வியாபாரியை இச்சட்டத்தால் தொட முடியாது. தவிர, குறியீட்டின் பயன் ஊரோடும் பகுதியோடும் பிணைக்கப்பட்டது. ஊரைவிட்டுப் போபாலுக்குக் குடிபெயர்ந்துதான் இந்தக் கலையே பிறந்தது என்பதை அதிகாரிகள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் எனத் தெரியவில்லை.

மூன்றாவது, வன உரிமைச் சட்டம். 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டத்தை நில உரிமைக்கானதாக மட்டுமே பலர் கருதுகின்றனர். பல்லுயிர்ப் பெருக்கம், பண்பாட்டுப் பன்மை ஆகியவை சார்ந்த மரபறிவுக்கும் அறிவுசார் சொத்துக்கும் சமூக உரிமை உண்டு என்று அதன் 3(1)(கே) பிரிவு கூறுகிறது. பழங்குடியினரின் அறிவுசார் சொத்தை 'சமூக உரிமை' என்ற சொல்லாலேயே ஏற்கும் வாசகம் இது. ஆனால், அதை ஓவியத்துக்கு எப்படிப் பொருத்துவது, யாரிடம் முறையிடுவது என்பதற்கு விதிகளில் வழிகாட்டுதல் இல்லை. ஆகவே, வாசகம் வாசகமாகவே நிற்கிறது.

இனி 53-ஏ பிரிவுக்கு வருவோம். 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செருகப்பட்ட இப்பிரிவின்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ அவரது வாரிசுகளுக்கோ பங்கு உண்டு. பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரியான விகிதத்தைப் பதிப்புரிமை வாரியம் நிர்ணயிக்கும். விற்றவர் ஓவியருக்குத் தகவல் தர வேண்டும் என்ற கட்டாயமோ, பணத்தை வசூலித்துத் தரும் அமைப்போ அந்தப் பிரிவில் இல்லை. பாடன்கரிலோ போபால் புறநகரிலோ இருக்கும் குடும்பம், தன் ஓவியம் எந்த வரவேற்பறையிலிருந்து எந்த வரவேற்பறைக்குப் போனது என்பதை எவ்வாறு அறியும்?

விகிதம் நிர்ணயிக்க வேண்டிய வாரியத்தின் கதை இன்னும் சுவையானது. அதன் பணிகள் 2017-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துடன் இணைக்கப்பட்டன. அந்த மேல்முறையீட்டு வாரியமே 2021-இல் ஒழிக்கப்பட்டு, பொறுப்பு நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டது. அதற்கான தீர்ப்பாயச் சீர்திருத்த மசோதா, பெகாசஸ் விவகாரத்தில் இரு அவைகளும் அமளியில் முடங்கிய அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறியது. ஓவியர்களின் பங்கு பற்றி யோசிக்கும் சூழல் அவையில் இருக்கவில்லை.

ஆஸ்திரேலியா செய்தது: முடியாத காரியமா இது? ஆஸ்திரேலியாவின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. அங்கும் கதை ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கியது. 1971-இல் நடுப்பாலைவனத்தின் பபுன்யா குடியிருப்பில் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தால், மணலிலும் உடலிலும் வரைந்துவந்த பூர்வகுடி முதியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையைத் தீட்டினர். மறு ஆண்டே ஓவியர்கள் தங்களுக்குச் சொந்தமான நிறுவனத்தைத் தொடங்கினர். போபாலில் நடக்காதது இது.

அந்தக் குழுவைச் சேர்ந்த கிளிஃபர்ட் பாசம் ஜபல்ஜாரி 1977-இல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2007-இல் அதே ஓவியத்தை அந்நாட்டு தேசிய ஓவியக்கூடம் 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓவியர் 2002-லேயே இறந்துவிட்டார். இத்தகைய விற்பனைகள் எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, 2009-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மறுவிற்பனைப் பங்குச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஜூன் முதல் 1,000 டாலரும் அதற்கு மேலும் விலைபோகும் மறுவிற்பனைகளில் 5 சதவீதம் ஓவியருக்கு. விற்பனையைத் தெரிவிப்பது கட்டாயம். வசூலித்துக் கொடுக்க அமைப்பும் உண்டு. பயன்பெற்ற ஓவியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பூர்வகுடியினர்.

அமெரிக்காவில் மறுவிற்பனைப் பங்கு இல்லாவிட்டாலும், செவ்விந்தியர் செய்ததாகப் பொய் சொல்லிக் கலைப் பொருள்களை விற்போருக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கும் சட்டம் 1990 முதல் உள்ளது. சர்வதேச அளவிலோ நிலைமை ஆமை வேகம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இதற்கென 2000-இல் குழு அமைத்தது. 24 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் ஜெனீவாவில் உடன்படிக்கை ஏற்பட்டது. அது மரபணு வளங்களையும் அவை தொடர்பான மரபறிவையும் பற்றியது. ஓவியம், இசை, நடனம் ஆகியவை அதில் சேர்க்கப்படவில்லை.

மக்களவையில் பழங்குடியினருக்கு 47 தனித் தொகுதிகள் உள்ளன. மரபறிவைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கோரி, 16-ஆவது மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-இல் என்பதை அறிந்தவர்கள் அதன் முடிவை முன்பே கணித்திருப்பர். 2019-இல் அவை கலைக்கப்பட்டபோது மசோதாவும் காலாவதியானது. விருதுகளில் மட்டும் தாராளம் குறையவில்லை. பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018-லும் துர்கா பாய்க்கு 2022-லும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஓவியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம். அந்தக் கணக்கில் ஜங்கரின் படைப்புகளுக்கு 2061 டிசம்பர் 31 வரை பாதுகாப்பு உண்டு. 53-ஏ பிரிவின் கீழ் அவரது வாரிசுகளுக்கு உள்ள பங்குரிமையும் அதே நாளில் முடிவுக்கு வரும்.