செத்த வீடு நடக்காத வீடுகள்

பிள்ளை செத்தால் ஊருக்கு என்ன செய்யணும்னு தெரியும். செத்த வீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் என்று ஒழுங்கு இருக்கு. பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டால்? ஒன்றும் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1970களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர். உடல் இல்லை, மனசில் ஆள் இருக்கு. கோளாறு தாயின் மனசில் இல்லை, அவர் மாட்டிக்கொண்ட நிலைமையில்தான் என்பது அவர் வாதம்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரை இப்படித்தான் புரிந்துகொள்ளணும். போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதத்தில், பிள்ளையைத் தங்கள் கண் முன்னாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள் அவர்களில் உண்டு. மரணச் சான்றிதழ் வாங்குவது, நாமே பிள்ளையைச் சாகடிப்பது மாதிரி. இலங்கையில் 2016இல் வந்த சட்டத் திருத்தம் அதற்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழி செய்தது. காணி, வங்கி விஷயங்களுக்கு அது உதவும். 'பிள்ளை எங்கே?' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

துக்கத்தை முடித்துவைக்க முடியாது என்கிறார் பாஸ். 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற இரண்டையும் சேர்த்துச் சுமக்கப் பழகுவதுதான் வழி.

நம்மால் முடிந்தது சின்ன விஷயம். அந்த அம்மா 'அவன் கெட்டிக்காரன், நல்லாப் படிப்பான்' என்று சொன்னால், நாம் 'படிப்பான்' என்பதை 'படித்தான்' ஆக்காமல் இருக்கலாம்.