பிக்சர் டியூபுக்காக வைத்த புள்ளிகள்

கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஃபைனல் ஃபேன்டஸி மாதிரியான பழைய ஜப்பானிய ஆர்பிஜி கேம்களை 'ரீமாஸ்டர்' என்று சொல்லி மறுபடி விற்கிறார்களே, படத்தைப் பெரிதாக்கிப் பாலிஷ் போடுவதற்கு மேல் அதில் என்ன வேலை?

ஊர் ஊராகச் சுற்றுவது, அரக்கனை அடித்து லெவல் ஏறுவது எல்லாம் அவருக்கே தெரியும். நான் நேராகப் புள்ளிகளுக்கு வருகிறேன். 1987-இல் முதல் ஃபைனல் ஃபேன்டஸி வெளிவந்த ஃபேமிகாம் கருவி, திரையில் குறுக்கே 256, நெடுக்கே 240 புள்ளிகள்தான் காட்டும். வீரனின் முகத்துக்குக் கிடைப்பது கைப்பிடிப் புள்ளிகள். அதற்குள் கண்ணும் வேண்டும், கோபமும் வேண்டும். அப்படி வரைந்தவர்களில் முக்கியமானவர் கசுகோ ஷிபுயா.

அந்த ஓவியர்களுக்குத் துணை நின்றது பிக்சர் டியூப் டிவி. பாஸ்பர் பூசிய கண்ணாடியில் எலெக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடும்போது, ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளிக்குள் கொஞ்சம் கசியும். இந்தக் கசிவையும் கணக்கில் வைத்தே நிறம் தேர்ந்தார்கள். 1997-இல் வந்த 'காசில்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட்' கேமில் டிராகுலாவின் கண்ணைப் பாருங்கள். இன்றைய எல்இடி திரையில் சிவப்புச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய டிவியில் அதே சதுரம் கசிந்து, கண்ணே கனலும்.

சிறுவயதில் கிண்டியிலிருந்து அண்ணா சாலைக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்த சினிமா பேனர்களும் இப்படித்தான். கிட்டே போனால் சிவாஜியின் கன்னத்தில் பச்சையும் ஊதாவுமாகத் தீற்றல்கள். ஜன்னல் சீட்டிலிருந்து பார்த்தால் ரத்தமும் சதையுமான முகம். பார்ப்பவர் எங்கே இருப்பார் என்று தெரிந்து தூரிகை பிடித்தவர்கள் வரைந்தவை அவை.

அதனால் துல்லியமாக்குவதுதான் ரீமாஸ்டரில் பெரிய ஆபத்து. 2021-இல் ஃபைனல் ஃபேன்டஸியின் 'பிக்சல் ரீமாஸ்டர்' வரிசை தொடங்கியபோது, ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் ஷிபுயாவையே புதிதாக வரையச் சொன்னது. நல்ல முடிவு. ஆனால் எழுத்துரு மெலிந்து, படத்தோடு ஒட்டாமல் நின்றது. ரசிகர்கள் விடவில்லை, 2023-இல் கன்சோல்களுக்கு வந்தபோது பழைய பாணிப் புள்ளி எழுத்தும் சேர்ந்தது. அதே நிறுவனம் ஐந்தாம், ஆறாம் பாகங்களின் முந்தைய பதிப்புகளை ஸ்டீம் என்ற இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. புதியது வந்தால் பழையது ஏன் போக வேண்டும்?

அலட்சியம் இதைவிட ஆழமாகவும் போகும். 1997-இன் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்' கேமுக்கு மூல நிரலே மிஞ்சவில்லை. வேறு மொழிப் பதிப்புகளுக்காக அதன் மேலேயே எழுதி எழுதி அழித்துவிட்டார்கள். 2025 மறுவெளியீட்டுக்காக, விற்பனைக்கு வந்த பதிப்புகளை அலசி, ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த குறிப்புகளையும் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். அவர்களுக்காவது விற்ற டிஸ்க் இருந்தது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் பிரதி ஒன்றுகூட இல்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பழைய பிளேஸ்டேஷனை அதில் மாட்டி ஆடிவிட்டு, அதே காட்சியை லேப்டாப்பிலும் பாருங்கள். டிவி ஓடவில்லை என்றால் பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய மெக்கானிக் யாரிடமாவது கொண்டுபோங்கள்.