ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

ஆங்கிலப் பாடத்தில் புதுச் சொல் ஒன்று வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் அதன் தமிழ்ப் பொருளையும் எழுதுகிறோம். தேர்வுக்கு முதல் நாள் அதை உருப்போடுகிறோம். நானும் ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் செய்து வந்தேன். அந்தப் பழக்கத்தால் சென்ற ஆண்டு ஒரு தோழிக்குத் தீங்கு இழைத்துவிட்டேன்.

அப்போது நான் வகுப்புத் தலைவி. ஒரு மாணவியின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமற்போயிற்று. பக்கத்தில் இருந்தவள்மேல் சந்தேகம் விழுந்தது. தான் எடுக்கவே இல்லை என்று அவள் அழுதாள். நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி ஆசிரியை என்னிடம் கூறினார். குற்றத்தை அவள் மறுத்தாள் என்று நான் எழுத வேண்டும். என் நோட்டில் 'ரெஃப்யூஸ்' என்பதற்கு எதிரே 'மறு' என்று இருந்தது. "வென் ஐ ஆஸ்க்ட் ஹர் அபௌட் தி பாக்ஸ், ஷி ரெஃப்யூஸ்ட்" என்று பெருமையுடன் எழுதிக் கொடுத்தேன். படித்தவரோ, பதில் சொல்ல முடியாது என்று அவள் அடம் பிடித்ததாக எண்ணிவிட்டார். இரண்டு பாடவேளை அவள் வராந்தாவில் நின்றாள். மாலையில் அந்தப் பாக்ஸ் தையல் அறையில் கிடைத்தது!

நான் எழுதியிருக்க வேண்டிய சொல் 'டினை'. இரண்டுக்கும் 'மறுத்தல்' என்றே தமிழில் பொருள் கூறிவிடலாம். ஆனால் டினை என்றால் 'அது உண்மையில்லை' என்பது. ரெஃப்யூஸ் என்றால் 'செய்யமாட்டேன், தரமாட்டேன், ஏற்கமாட்டேன்' என்பது. நமக்குத் தெரிந்த நற்செய்தியையே எடுத்துக்கொள்வோம். சேவல் கூவுமுன் புனித இராயப்பர் ஆண்டவரைத் தமக்குத் தெரியாது என்று மும்முறை சொன்னாரே, அது டினை. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் கோபங்கொண்டு வீட்டிற்குள் வரமாட்டேன் என்று வெளியே நின்றானே, அது ரெஃப்யூஸ். (முன்னதற்கு 'மறுதலித்தல்' என்ற தனிச்சொல் நம் வேதாகமத் தமிழிலேயே உண்டு. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகும் எனக்கு அது அன்று நினைவுக்கு வரவில்லை!)

சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்பதையும் எடுத்துக்காட்டு வாக்கியமே காட்டும். "ஷி ரெஃப்யூஸ்ட் டு கோ" என்பது சரி. "ஷி டினைட் டு கோ" என்பது தவறு. "ஷி டினைட் டேக்கிங் இட்" என்றுதான் வரும். 'ஸ்டீல்', 'ராப்' இரண்டையும் திருடுதல் என்று எழுதிக்கொள்கிறோம். பணப்பையை ஸ்டீல் செய்வார்கள். பணப்பைக்குச் சொந்தக்காரரை ராப் செய்வார்கள். 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' இரண்டும் குழந்தையைப் பற்றியவையே. ஆனால் சிறுமலர் புனித தெரேசம்மாளின் உள்ளத்தைச் சைல்ட்லைக் என்றால் புகழ்ச்சி, சைல்டிஷ் என்றால் ஏச்சு.

ஆங்கிலம் தாய்மொழியல்லாத நம்மைப் போன்றோரின் தொல்லையை அறிந்த ஆசிரியர்கள் சிலர் இதற்கென்றே அகராதி செய்தார்கள். கடினச் சொல்லுக்கு அதைவிடக் கடினமான சொல்லால் பொருள் கூறினால் என்ன பயன்? வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1935-இல் வெளியிட்ட அகராதியில், 1,490 எளிய சொற்களைக் கொண்டே மற்றச் சொற்களை எல்லாம் விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, நண்பர்கள் இருவருடன் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. வினைச்சொற்கள் வாக்கியத்தில் அமையும் விதங்களை 25 வகையாகப் பிரித்து, எடுத்துக்காட்டுகளுடன் அதில் காட்டினார்கள். நம் நூலகத்தில் அவ்வகை அகராதியைப் புரட்டும்போது, சாய்ந்த எழுத்தில் உள்ள வாக்கியங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் நான்கு ஆண்டுகள் தாண்டித்தான் போனேன்.

இப்பொழுது என் நோட்டில் நடுக்கோடு இல்லை. புதுச் சொல்லைக் கண்டால், பாடத்தில் அது வரும் வாக்கியத்தை முதலில் எழுதி, பொருளை நானே ஊகிக்கிறேன். பிறகு அகராதியில் ஆங்கில விளக்கத்தையும் எடுத்துக்காட்டையும் பார்க்கிறேன். பாதி நேரம் என் ஊகம் தவறாகத்தான் இருக்கும். ஆனால் தவறி அறிந்த சொல் எளிதில் மறப்பதில்லை. கடைசியாக, எங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்த ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுகிறேன். 'ரிலக்டன்ட்' என்பதற்கு அகராதி 'மனமில்லாத' என்கிறது. நான் எழுதியது: "மை லிட்டில் பிரதர் இஸ் ரிலக்டன்ட் டு டிரிங்க் கேஸ்டர் ஆயில்." தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு எப்படியோ விளக்கெண்ணெயைக் குடித்துவிடுகிறான், ஆகவே ரிலக்டன்ட். வாயை இறுக மூடிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டால் அது ரெஃப்யூஸ். அந்த வாக்கியமும் எழுதியிருக்கிறேன், ஏனெனில் அதுவும் நடந்தது.

வராந்தாவில் நின்ற தோழியிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் அவள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மதிய உணவு வேளையில் என் நோட்டை வாங்கி, 'டினை' என்ற சொல்லின் கீழே தானே ஓர் எடுத்துக்காட்டு எழுதிக் கொடுத்தாள்: "ஐ டினைட் இட், பட் அவர் லீடர் டிட் நாட் நோ தி வேர்ட்." அதாவது, தான் மறுத்தாளாம், ஆனால் தலைவிக்குத்தான் அந்தச் சொல் தெரியவில்லையாம்!