'தமாஷா' எனக்கு ஏன் பிடிக்கும்?

இன்னைக்கு ஒரு படத்துக்கு வக்காலத்து வாங்கப் போறேன். 2015-ல் இம்தியாஸ் அலி இயக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த ‘தமாஷா’. சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுவாங்க, சிலர் பேரைச் சொன்னாலே கடுப்பாவாங்க.

கோர்சிகா தீவில், யாருன்னே சொல்லிக்காமல் பழகுறாங்க ரன்பீரும் தீபிகாவும். சில வருஷம் கழித்து டெல்லியில் சந்தித்தால், கதை அளந்துட்டுத் திரிஞ்ச வேத் இப்போ டை கட்டிய ப்ராடக்ட் மேனேஜர். ‘நான் தேடினது உன்னை இல்லை’ன்னு தாரா கல்யாணத்தை மறுக்க, வேத் உடைஞ்சு போறான். காதல் கதையா பார்க்க வந்தவங்களுக்கு இந்த இடம்தான் ஒட்டலை. தாரா அவனை எழுப்புறதுக்காகவே இருக்கா என்ற விமர்சனமும் நியாயம்தான்.

ஆனா கணக்கு வராமலே இன்ஜினியரிங் படிச்ச வேத், சின்ன வயசுல கதை சொன்ன பெரியவரிடம் போய், தன் கதையின் முடிவைக் கேட்கிறான். ‘உன் கதையை என்கிட்ட கேக்குறியா?’ன்னு அவர் திட்டுறார். அந்தத் திட்டு எனக்கும் விழுந்துச்சு.

நான் வேலையை விடலை. அவ்வளவு தைரியம் கிடையாது. ஒரு மைக் வாங்கினேன். அதில்தான் இப்போ பேசிட்டு இருக்கேன்.